இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது பாஸ்?

நாலு ராத்திரி. முழுசா நாலு ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சு ஒரு உலகத்தை உருவாக்கினேன். ரெண்டு கண்டம், பதினேழு நகரம், பனி மூடிய மலைத்தொடர், பழைய ஓலை மாதிரி பழுப்பு கலர்ல பேக்ரவுண்ட், மூலையில திசை காட்டுற நட்சத்திரம், கடல்ல சும்மா அழகுக்கு ஒரு திமிங்கிலம்! எல்லாம் மென்பொருள் உபயம்தான். ஆனா, மவுஸைப் பிடிச்சது நான்தானே? லேப்டாப்பைத் திருப்பி ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர்கிட்ட காட்டிட்டு, 'செம மச்சி' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சிவில் படிக்கிற நண்பன் மட்டும் ஸ்கிரீன் பக்கத்துல மூக்கைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்...

"டேய், இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

பார்த்தேன். மேற்குக் கடல்ல ஆரம்பிக்குது. மலை அடிவாரத்தைச் சுத்திக்கிட்டுப் போய் கிழக்குக் கடல்ல முடியுது. ரெண்டு முனையிலும் கடல்! தண்ணி எங்கிருந்து எங்கே போகும்? நாலு ராத்திரியில எனக்கு அந்தச் சந்தேகம் ஒரு தடவைகூட வரலை. மென்பொருளுக்கும் வரலை. அது பாட்டுக்கு நான் இழுத்த கோட்டுக்கு அழகா நெளிவு சுளிவு கொடுத்து நீலம் அடிச்சுக் கொடுத்துடுச்சு.

என்ன பதில் சொல்லித் தப்பிச்சேன்கிறது அப்புறம். முதல்ல, இல்லாத ஊருக்கு எதுக்குய்யா மேப் போடறீங்கனு நீங்க கேட்பீங்களே... அதுக்கு வர்றேன்.

கதை... பகடை... கட்டம் போட்ட தாள்!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்திருக்கீங்களா? 2016-ல் வந்த அந்த சீரியலோட முதல் எபிசோடுலயே நாலு பசங்க டேபிளைச் சுத்தி உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டு ஒரு விளையாட்டு விளையாடுவாங்க. அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. செல்லமா டி அண்ட் டி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊர்க்காரர் கேரி கைகாக்ஸும், மினசோட்டாக்காரர் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டது. ஒரு பெட்டி, உள்ளே மூணு குட்டிப் புத்தகம், முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. அவ்வளவுதான் ஆரம்பம்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஒருத்தர் கதை சொல்லி. டன்ஜன் மாஸ்டர்னு பேரு. மத்தவங்க ஒவ்வொருத்தரும் கதையில ஒரு கேரக்டர். ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தன் திருடன், ஒருத்தன் வாள் வீரன். 'எதிரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே ஏதோ மூச்சு விடுற சத்தம். என்ன பண்றீங்க?' என்பார் கதை சொல்லி. கதவை உடைக்கறதா, காதை வெச்சுக் கேட்கறதா, ஓடிப்போறதா... அது உங்க இஷ்டம். ஜெயிச்சீங்களா, தோத்தீங்களாங்கிறதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். தாயக்கட்டைக்கு அமெரிக்காவில் ஒரு ஒண்ணுவிட்ட தம்பினு வெச்சுக்குங்களேன்.

இதுல மேப் எங்கே வருது? ஆரம்பத்திலிருந்தே அதுதான் முதுகெலும்பு! கதை சொல்லி, பாதாளச் சுரங்கத்தை கிராஃப் ஷீட்டில் வரைந்து, மத்தவங்க கண்ணில் படாம மறைச்சு வெச்சுக்குவார். ஒரு கட்டம் பத்து அடி. (இப்போதெல்லாம் ஒரு கட்டம் ஐந்து அடி என்பதுதான் வழக்கம்.) 'முப்பது அடி நேரா போறீங்க, வலது பக்கம் ஒரு வழி பிரியுது' என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல, ஆடறவங்கள்ல ஒருத்தர் இன்னொரு கிராஃப் ஷீட்டில் வரைஞ்சுக்கிட்டே வரணும். அவர் ஒரு கட்டம் தப்பா போட்டா போச்சு! திரும்பி வர்ற வழியில மொத்த கோஷ்டியும் சுவத்துல முட்டிக்கும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்து காடு மலைனு சுத்தணும்னா? அதுக்கு 1974 புத்தகமே ஒரு குறுக்குவழி சொன்னது. 1972-ல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' என்கிற காட்டில் தொலைஞ்சுபோற விளையாட்டோட போர்டை எடுத்துப் பயன்படுத்திக்குங்கனு! அந்த போர்டு முழுக்க தேன்கூடு மாதிரி அறுகோணங்கள். ஏன் அறுகோணம்? சதுரக் கட்டத்தில் நேரே அடுத்த கட்டத்துக்குப் போனா தூரம் 1. மூலைவிட்டமா போனா 1.414. பிளஸ் டூ மேத்ஸ்தான். அறுகோணத்தில் ஆறு பக்கத்துக் கட்டமும் ஒரே தூரம். காட்டில் நடக்கிறவன் மூலைவிட்டமா நடந்து ஏமாத்த முடியாது.

அந்தக் காலத்து மேப்களில் இன்னொரு சுவாரஸ்யம். 1978-லிருந்து வந்த ரெடிமேட் சாகசப் புத்தகங்களின் அட்டையைத் திருப்பினா, உள்பக்கம் மேப் வெளிர் நீலத்தில் அச்சாகி இருக்கும். அப்போதைய ஜெராக்ஸ் மெஷினுக்கு வெளிர் நீலம் சரியாவே தெரியாது. செமஸ்டருக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிற நமக்கு அந்த வலி புரியும்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1981-ல் வந்த 'தி ஐல் ஆஃப் ட்ரெட்'. டேவிட் குக், டாம் மோல்ட்வே ரெண்டு பேரும் எழுதினது. ஒரு மர்மத் தீவு. ஆடறவங்க கையில் கொடுக்கிற மேப்பில் தீவோட கரைக்கோடு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். உள்ளே? வெறும் அறுகோணங்கள்! காடா, எரிமலையா, ஊரா... நீங்க நடந்து போய்ப் பார்த்து, நீங்களே நிரப்பிக்கணும். காலி இடத்தை அச்சடிச்சுக் காசுக்கு வித்திருக்காங்கனு சிரிக்காதீங்க. அந்தக் காலி இடம்தான் ஆட்டமே. நான் போட்ட மேப்பில் அது துளிகூட இல்லை.

மினி டிராஃப்டரின் சொந்தக்காரங்க!

இன்ஜினீயரிங் முதல் வருஷ மாணவர்களை பஸ்ஸில் பார்த்தாலே கண்டுபிடிச்சுடலாம். ஒரு கையில் ஷீட் சுருட்டின குழாய், இன்னொரு கையில் மினி டிராஃப்டர், முகத்தில் சோகம். அப்புறம் லேபில் ஆட்டோகேட். கீழே கமாண்ட் லைன், 'முதல் புள்ளியைச் சொல்லு, அடுத்த புள்ளியைச் சொல்லு' என்று அதிகாரம் பண்ணும்.

கற்பனை உலக மேப் போடற மென்பொருள்களில் மூத்தவற்றில் ஒன்று 'கேம்பெய்ன் கார்டோகிராஃபர்'. 1993-ல் இங்கிலாந்தின் புரோஃபேன்டஸி நிறுவனம் டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்டது. இன்னமும் புதுப் பதிப்புகளோட உயிரோட இருக்கு. முதல்முறை அதைத் திறந்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே அதே கமாண்ட் லைன்! அதே லேயர்! மலையும் டிராகனும் இருக்கிற இடத்துல இது எப்படி வந்துச்சு?

தோண்டிப் பார்த்தா, ரெண்டும் சொந்தக்காரங்க பாஸ்! மைக் ரிடில் என்கிற அமெரிக்க புரோகிராமர், 1970-களின் கடைசியில் 'இன்டராக்ட்' என்று ஒரு வரைபட மென்பொருள் எழுதினார். 1982-ல் ஜான் வாக்கர், ரிடில் உட்பட ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆட்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கினப்போ, அந்த இன்டராக்ட்தான் ஆட்டோகேடுக்கு விதை. அதே வருஷம் நவம்பரில் லாஸ் வேகாஸ் கம்ப்யூட்டர் கண்காட்சியில் ஆட்டோகேடைக் கொண்டுபோய் வெச்சாங்க. ரிடில் அப்புறம் தனியாகப் போய் 'ஃபாஸ்ட்கேட்' என்று இன்னொன்று எழுதினார். கேம்பெய்ன் கார்டோகிராஃபர் ஓடறது அந்த ஃபாஸ்ட்கேட் இன்ஜின் மேலதான்! நட்டு போல்ட்டுக்கு மூன்று கோணத்தில் படம் போட வெச்சு நம்ம உயிரை வாங்கறதும், பூதங்கள் வாழும் குகைக்குப் படம் போடறதும் ஒரே ஆளோட மூளையில் பிறந்த அண்ணன் தம்பிங்க. இதை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தா நான் இன்னும் கொஞ்சம் ஆர்வமா லேபுக்குப் போயிருப்பேன்.

கேட் இன்ஜினால என்ன லாபம்? பெயின்ட்டில் வரையிற படம் வெறும் புள்ளிகள். பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும். இதில் ஒவ்வொரு சுவரும் ஒரு கோடு; ஒவ்வொரு கோட்டுக்கும் நிஜ நீளம் உண்டு. ஒரு கண்டத்தை மைல் கணக்கில் வரையலாம். அதில் ஒரு நகரத்தைத் தட்டினா நகர மேப், அதில் ஒரு கோட்டையைத் தட்டினா அறைக்கு அறை அடி கணக்கு. இப்படி ஒண்ணுக்குள் ஒண்ணா மேப்களைக் கோத்து, 1999-ல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்கிற புகழ்பெற்ற டி அண்ட் டி உலகத்துக்கு முழு அட்லஸே சி.டி.யில் போட்டாங்க. ரகசியக் கதவுகளைத் தனி லேயரில் வெச்சு, ஆடறவங்களுக்கு பிரின்ட் எடுக்கும்போது அந்த லேயரை மட்டும் ஆஃப் பண்ணிடலாம். வில்லன் எங்கே ஒளிஞ்சிருக்கான்கிறது லேயர் நம்பர் ஏழில் இருக்கு... ஒரு கிளிக்கில் காணோம்!

கரைக்கோடு வரையறதுக்கும் தனி வித்தை உண்டு. ரெண்டு புள்ளி வெச்சா, நடுவில் அதுவே நெளிநெளியா உடைச்சு நிஜக் கடற்கரை மாதிரி ஆக்கிடும். பெனுவா மாண்டல்பிராட் 1967-ல் 'சயின்ஸ்' இதழில் பிரிட்டனோட கடற்கரை நீளம் எவ்வளவுனு ஒரு கட்டுரை எழுதினார். சின்ன ஸ்கேலால் அளக்க அளக்க நீளம் கூடிக்கிட்டே போகும்கிறதுதான் மேட்டர். பின்னாடி அவரே 'ஃப்ராக்டல்'னு பேர் வெச்ச சங்கதி. அந்தக் கணக்குதான் மவுஸ் நடுங்கினாலும் நம்ம தீவைத் தீவு மாதிரி காட்டுது.

குறையும் சொல்லணும். கத்துக்கறது கஷ்டம். ஆட்டோகேட் தெரிஞ்ச எனக்கே ஒரு வீடு வரைஞ்சு முடிக்க ஒரு சாயங்காலம் ஆச்சு.

டீக்கடை தத்துவம்!

வரையவே பிடிக்காத சோம்பேறிகளுக்கும் வழி இருக்கு. ஒரு பட்டனை அழுத்தினா முழு உலகமே வந்து விழும். பிரவுசரில் இலவசமா ஓடற 'அஸ்கார்ஸ் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர்' இதில் சூப்பர் ஸ்டார். கண்டம், நாடு, தலைநகரம், மதம், சாலை, ஆறு எல்லாம் சில நொடியில். பிடிக்கலையா? மறுபடி அழுத்துங்க, வேற உலகம். ஓப்பன் சோர்ஸ், கோட் மொத்தமும் திறந்து கிடக்கு. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஐடியா இல்லாம அலையற கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

இது எப்படி நடக்குது? கேம்பஸைச் சுத்தி பத்து டீக்கடை இருக்குனு வெச்சுக்குங்க. எல்லாரும் தனக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கடைக்குத்தான் போறாங்க. எந்தக் கடைக்கு எந்த இடத்து ஆட்கள்னு கோடு கிழிச்சா, கேம்பஸ் பத்து ஒழுங்கில்லாத பலகோணமா பிரிஞ்சிருக்கும். இதுக்குப் பேர் வொரோனாய் வரைபடம். பத்து கடைக்குப் பதிலா பல ஆயிரம் புள்ளி தூவினா, காஞ்ச குளத்துத் தரை மாதிரி ஒரு பரப்பு கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உயரம் கொடுத்தா, சிலது கடல், சிலது நிலம், சிலது மலை.

இந்த வழியை 2010-ல் அமித் படேல் ரொம்பத் தெளிவா எழுதி வெச்சார். அவர் பண்ண ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாதாரணமா உயரத்தைக் கன்னாபின்னானு கொடுத்தா, நடு நிலத்தில் பள்ளம் விழும். ஆறு அதில் இறங்கி மாட்டிக்கிட்டு முழிக்கும். அவர் என்ன செஞ்சார்? கடற்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு உயரம்னு வெச்சுட்டார்! இப்போ எந்த இடத்தில் நின்னாலும் இறக்கம் கடலை நோக்கித்தான். ஆறு தன்னால கடலுக்குப் போயிடும். அப்புறம் நன்னீருக்குப் பக்கமா, தூரமாங்கிறதை வெச்சு ஈரப்பதம். ஈரமும் உயரமும் சேர்ந்து எங்கே மழைக்காடு, எங்கே பாலைவனம்னு முடிவு பண்ணும்.

2016-ல் மார்ட்டின் ஓ'லியரி இன்னொரு வழி காட்டினார். இவரோட படிப்பு பனியாறுகளைப் பத்தி! அதனால் தண்ணி மண்ணை அரிக்கிற மாதிரியே கணக்குப் போட்டார். முதல்ல ஒரு கரடுமுரடான நிலம். பள்ளங்களை நிரப்பு. ஒவ்வொரு புள்ளி வழியாவும் எவ்வளவு தண்ணி போகும்னு கூட்டு. நிறைய தண்ணி, செங்குத்துச் சரிவு இருக்கிற இடத்தில் மண்ணை அரி. இப்படிச் சில தடவை பண்ணினா பள்ளத்தாக்கு தானா உருவாகுது. நகரங்களை எங்கே வைக்கணும்கிறதையும் தண்ணிதான் சொல்லுது. பெரிய ஆறு இருக்கிற இடத்துக்கு மார்க் ஜாஸ்தி. அஸ்கார் தன் புரோகிராமுக்கு முன்னோடினு சொல்றவங்களில் இந்த ரெண்டு பேரும் உண்டு.

இவ்வளவும் படிச்சப்போதான் என் தப்பு முழுசா உறைச்சது. பட்டன் அமுக்கி வர்ற உலகத்தில் ஆறு ஒழுங்கா ஓடுது. ஏன்னா, அங்கே ஆறுங்கிறது ஒரு விதி. நான் கையால் வரைஞ்ச மென்பொருளில் ஆறுங்கிறது வெறும் நீல பிரஷ்!

ஆறு பிரியாதாம்... அப்போ காவிரி?

கற்பனை மேப் போடறவங்க புதுசா வர்றவங்களுக்குச் சொல்ற முதல் அட்வைஸே 'ஆறுகள் சேரும், பிரியாது' என்பதுதான். தண்ணி இருக்கிறதிலேயே தாழ்வான வழியைத் தேடும். ரெண்டு வழி கண்ணில் பட்டா, ஒண்ணு கொஞ்சம் ஆழமா அரிக்கும். மொத்தத் தண்ணியும் அதுக்கே திரும்பிடும். அதனால ஒரு ஆறு ரெண்டாகி ரெண்டு கடலுக்குப் போற மேப்பைக் கண்டா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க. அதே மாதிரி ஒரு ஏரிக்கு ரெண்டு வடிகால் போட்டாலும் திட்டு விழும்.

திருச்சிக்காரங்க இந்நேரம் சட்டைக் கையை மடிச்சிருப்பீங்க. 'முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமுமா பிரியுதே! நடுவில்தானே ஸ்ரீரங்கம் உட்கார்ந்திருக்கு? கல்லணை தாண்டி வெண்ணாறு, அரசலாறுனு தஞ்சாவூர் முழுக்கப் பிரிஞ்சுக்கிட்டே போகுதே!' கரெக்ட் பாஸ். அதுதான் விதிவிலக்கு. நிலம் ஏறக்குறைய தட்டையாகி, ஆறு தான் சுமந்து வந்த வண்டலைத் தானே கொட்டித் தன் வழியைத் தானே அடைச்சுக்கிற இடம், டெல்டா. அங்கே பிரியும். போதாக்குறைக்கு மனுஷன் அணை கட்டி, மதகு வெச்சுப் பிரிச்சும் விடுவான். ஆக, விதியைச் சரியா சொல்லணும்னா, மலையிலிருந்து வரும்போது சேரும், கடலுக்குப் பக்கத்தில் பிரியலாம். வெளிநாட்டு மேப் ஆசான்கள் இந்த ரெண்டாவது பாதியை அவசரத்தில் முழுங்கிடறாங்க.

மழையும் அப்படித்தான். மேப்பில் மலையோட ரெண்டு பக்கமும் ஒரே பச்சை அடிக்காதீங்க. காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதோ அந்தப் பக்கம் கொட்டும்; மறுபக்கம் காயும். ஜூன் மாசம் கேரளாவில் குடை, மலைக்கு இந்தப் பக்கம் வெயில்... நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கெல்லாம் புத்தகம் வேணுமா என்ன? அஸ்கார் புரோகிராமில் காத்தோட திசையை நீங்களே திருப்பலாம். திருப்பிட்டு பாலைவனம் இடம் மாறறதைப் பாருங்க, அரை நாள் போறதே தெரியாது.

எதை எடுத்து ஆரம்பிக்கறது?

கையில் காசு இல்லைன்னா அஸ்கார் போதும். அங்கே ஒரு ஊரைத் தட்டினா, 'வடாபூ' என்கிற பேரில் இயங்கும் ஓலெக் டோல்யாவோட நகர ஜெனரேட்டர் அந்த ஊருக்குத் தெருவும் மதில் சுவரும்கூட போட்டுக் கொடுக்கும். பழைய ஓலைச் சுவடி அழகு வேணும்னா 'வொண்டர்டிராஃப்ட்'. ஒரே ஒரு தடவை பணம் கட்டினா போதும், லினக்ஸிலும் ஓடும். 'இன்கார்னேட்' பிரவுசரிலேயே வேலை செய்யும், இலவசப் பதிப்பு உண்டு. ஆனா, நல்ல நல்ல மரமும் மாளிகையும் சந்தா கட்டினவங்களுக்குத்தான். குகை, கோட்டை மாதிரி சண்டை போடற இடங்களுக்கு 'டன்ஜன்டிராஃப்ட்'. இதில் சுவர், கதவு எல்லாத்தையும் படமா மட்டும் இல்லாம தகவலாவும் ஏற்றுமதி பண்ணலாம். ஆன்லைனில் ஆடும்போது உங்க கேரக்டர் கையில் தீப்பந்தம் பிடிச்சு நடந்தா, சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. கதவைத் திறந்தா வெளிச்சம் உள்ளே பாயும். இதுக்கு மட்டும் நான் அடிமை!

ஏ.ஐ.கிட்ட கேட்டா படம் போட்டுக் கொடுக்காதானு ஒருத்தர் கேட்பீங்க. கொடுக்கும், பார்க்க ஜோராவும் இருக்கும். ஆனா, அது போட்டோ மாதிரி ஒட்டிப்போன ஒரே படம். ஒரு சுவரை மட்டும் அஞ்சு அடி நகர்த்தணும்னாலோ, ரகசியக் கதவை மறைக்கணும்னாலோ பிடிச்சு நகர்த்த அங்கே லேயர் இல்லை. ரெண்டு ஊருக்கு நடுவில் எத்தனை நாள் பயணம்னு கேட்டா, ஸ்கேலும் இல்லை.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கறாரா சொல்றேன். எதில் வரைஞ்சாலும் ஒரு காப்பி சாதாரணப் படக் கோப்பா, பி.என்.ஜி.யிலோ எஸ்.வி.ஜி.யிலோ வெளியே எடுத்து வெச்சுக்குங்க. 2000-களில் 'டன்ஜினி'னு ஒரு மேப் மென்பொருள் செம ஹிட். இப்போ அது விற்பனையிலேயே இல்லை. ஒரு உலகத்தில் பத்து வருஷம் விளையாடற கோஷ்டிகள் இருக்கு. உங்க உலகம் எந்தக் கம்பெனியோட ஆயுசையும் நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொரு தமாஷ் கேளுங்க. டைசன் லோகோஸ் என்கிற பேரில் ஒரு மேப் கலைஞர் இருக்கார். பேனாவால் காகிதத்தில் வரையறவர். சுவரைச் சுத்தி குறுக்கும் நெடுக்குமா குட்டிக் குட்டிக் கோடா நிழல் போடுவார். அந்த ஸ்டைல் அவ்வளவு பிரபலமாகி, இப்போ மென்பொருள்களே அந்தக் கையெழுத்தை ஒரு பட்டனில் காப்பி அடிக்குது. கம்ப்யூட்டரை விட்டுட்டு ஒருத்தர் பேனாவில் வரைய, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பேனா மாதிரி நடிக்குதுங்க!

சரி, அந்த ஆறு?

'எந்தப் பக்கம் ஓடுது'னு கேட்டவனை முறைச்சேன். தப்பை ஒத்துக்க மனசு வரலை. வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன்...

"அது ஆறே இல்லை. கால்வாய். ராஜா ஒருத்தர் வெட்டினது."

அவ்வளவுதான். என் பதினேழு நகரத்தையும் பனிமலையையும் திமிங்கிலத்தையும் அதுக்கப்புறம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. எந்த ராஜா? எதுக்கு வெட்டினார்? கப்பல் போகவா, படை போகவா? 'மலை ஓரமா மேடா இருக்குமே, அங்கே தண்ணி எப்படி ஏறும்? மதகு வெச்சுத் தூக்கணுமே'னு சிவில்காரன். திருடனா ஆடற நண்பன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி: "வெட்டினவங்களுக்குக் கூலி கொடுத்தாங்களா?"

யோசிக்காமலே 'இல்லை'னு சொல்லிட்டேன். கொடுக்காத கூலி, எழுதி வெச்ச கணக்குப் புத்தகம், அதைத் தேடி ஒரு பயணம், கால்வாய் ஓரத்தில் நாலு தலைமுறையா காத்திருக்கிற குடும்பங்கள்னு அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச கதை ஏழு வாரமா ஓடுது. அந்த அழகான மேப்பை நாங்க அப்புறம் திறக்கவே இல்லை. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழிச்ச கிராஃப் ஷீட்டில், கால்வாய் ஒரு கோடு; நாங்க போய்ப் பார்த்த இடம் மட்டும் ஊர். மத்ததெல்லாம் வெறும் கட்டம்.

மென்பொருளை நான் விட்டுடலை. இப்போ ஆட்டம் முடிஞ்ச அப்புறம்தான் திறக்கறேன். அன்னிக்கு அவங்க நடந்த இடத்தை மட்டும் வரைஞ்சு சேர்க்கறேன், அதோட நிறுத்திக்கறேன். அரை மணி நேர வேலை. தூக்கமும் மிச்சம்.

வர்ற சனிக்கிழமை பெரிய மதகைத் திறக்கறதா வேண்டாமானு கோஷ்டிக்குள்ள ஓட்டெடுப்பு. திறந்தா கணக்குப் புத்தகம் இருக்கிற அறை வெளியே தெரியும், ஆனா தண்ணி கீழே இருக்கிற ஊர்ப்பக்கம் பாயும். ரெண்டு பேர் திறக்கணும்கிறாங்க, ரெண்டு பேர் கூடாதுங்கிறாங்க. கீழே எத்தனை ஊர் இருக்குனு வாட்ஸ்அப்பில் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

நான் இன்னும் வரையலை.